கப்பலில் வந்தவர் வரைந்தால் வரலாறாகிவிடுமா?

பழைய பிரெஞ்சுக் கடற்பயணங்களில் உருவான துறைமுகப் படங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. புதுச்சேரி வெள்ளை நகரத்து விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் ‘200 ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரை’ என்று அரைப்பக்கத்துக்குப் போடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் மூலப் பிரதியையே வெளிநாட்டுக் கடைகளில் வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கருத்தை ஊரறிய நிலைநாட்டியும் விட்டார்கள். கேமரா இல்லாத காலத்தில் இவைதான் கேமராவாம். வரைந்தவர் நேரில் வந்தார், கண்ணால் கண்டார், கண்டதைக் கண்டபடி வரைந்தார். ஆகவே இது ஆவணம், இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லையாம்.

இதை நான் மறுக்கிறேன். மறுக்க வெளிநாட்டு அருங்காட்சியகப் படிப்பெல்லாம் வேண்டியதில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு அச்சுப்படம் எப்படி உருவாகிறது என்பது தெரிந்த சங்கதி. கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே, வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கிற கரிசல் காடு இது. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் தீப்பெட்டி சோறு போட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ என்கிற கல்லச்சு வேண்டும், பக்கத்திலேயே சிவகாசி. நிறத்துக்கு ஒரு கல், கல்லின் மேல் படத்தை இடவலம் மாற்றி எழுதும் ஓவியர், மை ஏற்றித் தாளை எடுக்கும் தொழிலாளி, எந்தப் படம் விலைபோகும் என்று தீர்மானிக்கும் முதலாளி என ஒரு சின்ன லேபிளுக்குப் பின்னால் பல பேர் இருந்தார்கள். லேபிளில் கப்பல் போட்டவர் கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்ததில்லை. அதே லித்தோவில் பாரிஸ் நகரத்தில் அச்சான கப்பலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

முதலில் இந்தப் படங்கள் எதற்காகப் பிறந்தன என்று பார்ப்போம். நெப்போலியன் போர்களில் பறிகொடுத்த புதுச்சேரி, 1816இல்தான் பிரான்சின் கைக்குத் திரும்பியது. அதுவும் கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. கடலெல்லாம் ஆங்கிலேயர் கையில் இருந்த நேரம். ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று கொடியைக் காட்டிவர பிரெஞ்சுக் கடற்படை உலகைச் சுற்றிக் கப்பல்களை அனுப்பியது. இயசாந்த் தெ புகன்வீல் தலைமையில் வந்த ‘தெத்தீஸ்’ 1824இல் புதுச்சேரியில் நின்றது. லாப்லாஸ் தலைமையில் ‘லா ஃபாவொரித்’ 1830இல் வந்தது. வையான் தலைமையில் ‘லா போனித்’ 1837இல் வந்து, இங்கிருந்து ரீயூனியன் தீவுக்குப் போனது. ஒவ்வொரு பயணமும் முடிந்தபின் அரசு ஆதரவில் பெரிய பெரிய தொகுதிகளும் படத்தொகுப்புகளும் வெளிவந்தன. நாம் சுவரில் மாட்டியிருப்பவற்றில் பல, அந்தத் தொகுப்புகளிலிருந்து கிழித்து எடுத்த ஒற்றைத் தாள்கள். ‘எங்கள் கொடி எட்டாத துறைமுகம் இல்லை’ என்று தன் மக்களிடம் ஓர் அரசாங்கம் சொல்லிக்கொள்வதற்காக அச்சிட்ட தாள்கள் அவை. பொங்கலுக்குக் கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில் கடைப்பெயர் இருப்பதை நாம் மறப்பதில்லை. இதில் மட்டும் கொடுத்தவர் பெயரை மறந்துவிடுகிறோம்.

அடுத்து, கண்ணால் கண்ட சாட்சி என்ற வாதம். இந்த வகை மூலப் பிரதி ஒன்றின் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். இடது மூலையில் வரைந்தவர் பெயர் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கும். வலது மூலையில் தகட்டில் செதுக்கியவர் அல்லது கல்லில் எழுதியவர் பெயர். சிலவற்றில் நடுவில் அச்சகத்தின் பெயர். இன்னும் சிலவற்றில், மனித உருவங்களைச் சேர்த்தவர் இன்னார் என்று தனியாக ஒரு பெயர். இந்த நாலு பேரில் கப்பலில் வந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாரிஸ் பட்டறைகளில் இருந்தவர்கள். விக்தோர் ஆதாம், பயோ போன்ற லித்தோ ஓவியர்கள், பிறர் வரைந்த நிலக்காட்சிகளில் ஆட்களை எழுதிச் சேர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். ஆக, கரையில் கூடை சுமந்து நிற்கும் அந்தப் பெண், குடை பிடித்து நிற்கும் அந்த ஆள், ‘இதோ நம் முன்னோர்’ என்று நாம் உருகிப்போகிற அந்த முகங்கள், நம் கரையையே பார்த்திராத ஒருவர் நிரப்பிய இடமாக இருக்கலாம். அடி விளிம்பைப் படிக்காமல் படத்துக்கு முன்னால் உருகுவதில் அர்த்தமில்லை.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெத்தீஸ் புதுச்சேரியில் நின்றது 1824இல். அந்தப் பயணத்தின் அதிகாரபூர்வமான நூலும் படத்தொகுப்பும் பாரிஸில் வெளிவந்தது 1837இல். நடுவில் 13 ஆண்டுகள். லா போனித் பயணத்தின் தொகுதிகள் 1840களில்தான் வரத் தொடங்கின. பென்சில் குறிப்பு நோட்டில் உறங்கிய காலத்தில் வாங்குகிறவர்களின் ரசனை மாறுகிறது, பதிப்பாளரின் கணக்கு மாறுகிறது, நினைவும் மங்குகிறது. கல்லின் முன் உட்கார்ந்தவர் அந்த இடைவெளியைத் தன் கைப்பழக்கத்தால்தான் நிரப்பியாக வேண்டும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1834-35இல் பாரிஸில் ‘உலகைச் சுற்றிய அழகுப் பயணம்’ என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு தொகுதிகள் வந்தன. பொறுப்பாசிரியர் என்று அட்டையில் இருந்த பெயர் புகழ்பெற்ற கடலோடி துய்மோன் துர்வில். உள்ளே இருந்ததோ பல பயணிகளின் குறிப்புகளைத் தைத்து, கற்பனைப் பயணி ஒருவர் சொல்வதுபோல் எழுதிய கதை. இந்தியாவும் இலங்கையும் அதில் வருகின்றன. படங்களுக்கு வரைந்தவர் லூயி ஓகுஸ்த் தெ சேன்சோன். ‘அஸ்த்ரொலாப் பயணத்தின் ஓவியர்’ என்று முகப்பிலேயே அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். அவர் உண்மையிலேயே 1826-29இல் அஸ்த்ரொலாப் கப்பலில் போனவர்தான். ஆனால் அந்தக் கப்பல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் என்று சுற்றிய கப்பல். அதன் வேலை சோழமண்டலக் கரையில் இல்லை. பசிபிக்கில் சம்பாதித்த ‘நேரில் கண்டவர்’ என்ற பெயரை, போகாத ஊர்களின் படங்களுக்கும் முத்திரையாகக் குத்திவிட்டார் பதிப்பாளர். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று சின்னக் காட்சிகளோடு பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பக்கங்களில் இந்தப் புத்தகத்தினுடையவை ஏராளம். கற்பனைப் பயணியின் கதைக்குப் போட்ட படத்தை வாங்கி வந்து, ‘ஆவணம்’ என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கடற்படை அதிகாரிகள் சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்தவர்கள் இல்லை. வரைவது அவர்களுடைய தொழிற்பயிற்சியில் சேர்ந்தது. கரையின் வடிவத்தைத் தவறாக வரைந்தால் அடுத்து வரும் கப்பல் தரைதட்டும். உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் பொய் எழுத மாட்டார்கள் என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை வேறு ஒரு தாளைச் சேர்ந்தது. மாலுமிக்காக வரைந்த கரைத்தோற்றம் என்று ஒன்று உண்டு. நீளமான ஒற்றைக் கோடு, அதில் கொடிமரம், கோபுரம், பனங்கூட்டம் என்று அடையாளம் காட்டும் புள்ளிகள், எந்தத் திசையிலிருந்து எத்தனை தூரத்தில் பார்த்தது என்ற குறிப்பு, அவ்வளவுதான். கடல் வரைபடத்தின் ஓரத்தில் இடம்பிடிக்கும் அது, அழகுக்காக வரைந்ததில்லை. அதை யாரும் விடுதிச் சுவரில் மாட்டுவதில்லை. நாம் மாட்டுவது வரவேற்பறைக்காகச் செய்த படம். ஒரே அதிகாரி இரண்டையும் வரைந்திருக்கலாம். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதுவதும் கல்யாண வாழ்த்தில் எழுதுவதும் ஒரே கைதான். அதற்காக வாழ்த்துமடலை வைத்துக்கொண்டு பாக்கி வசூலிக்க முடியுமா?

வரவேற்பறைப் படத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஓரத்தில் ஒரு மரம் இருளாக நிற்க வேண்டும். முன்னால் ஆட்கள், நடுவில் நீரும் கப்பலும், பின்னால் கட்டடமோ மலையோ வெளுத்துத் தெரிய வேண்டும். ரியோவுக்கும் மணிலாவுக்கும் பினாங்குக்கும் இதே அமைப்புதான். மரத்தையும் உடையையும் மாற்றினால் ஊர் மாறிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத வித்தை இல்லை. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிய சி. கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியில் தங்கி, டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களோடு எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பூஜையறைகளுக்குப் போயின. 1976இல் அவர் மறையும்வரை எழுதிக் குவித்த அந்தப் படங்களில் முருகனுக்குப் பின்னால் மலையும் அருவியும் மயிலும் இருக்கும். அந்த அருவியைக் குற்றாலத்து ஆவணம் என்று யாரும் சொன்னதில்லை. நாடகத் திரையில் கற்ற அமைப்பு அது என்று எல்லோருக்கும் தெரியும். ‘காலண்டர் படம்தானே’ என்று படித்தவர்கள் அதை இளக்காரமாகவும் பேசினார்கள். அதே அமைப்பில் தைத்த பிரெஞ்சுப் படத்துக்கு மட்டும் ஆவணப் பட்டம். ஒரே தொழில்நுட்பம், ஒரே கூட்டு உழைப்பு, ஒரே சந்தைக் கணக்கு. ஒன்று பஜார் சரக்கு, இன்னொன்று வரலாறு. இந்தப் பாகுபாட்டுக்குப் பெயர் ரசனை என்கிறார்கள். வெள்ளைக்காரர் கை பட்டதற்குக் கொடுக்கும் கூடுதல் மரியாதை என்கிறேன் நான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு மையில் அச்சானவை. சிலவற்றுக்கு அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் பூசினார்கள். இன்னும் பலவற்றுக்கு, பிற்காலத்தில், விலை ஏற்றுவதற்காகக் கடைக்காரர்கள் பூசினார்கள். அந்த நீலக் கடலையும் செம்மண் கரையையும் பார்த்து 1830இன் வெளிச்சம் என்று மெய்மறக்க வேண்டியதில்லை. விடுதிச் சுவரில் இருப்பது பெரும்பாலும் அதுகூட இல்லை. சிவகாசி அச்சக ஆள் ஒருவரைக் கூட்டிப்போய் லூப்பை அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் பூப்பூவாக வட்டமிட்டு நிற்கும். ஆஃப்செட்! பழைய லித்தோவில் அந்தப் புள்ளி வரிசை இருக்காது. கல்லின் சொரசொரப்பில் கிரேயான் இழுத்த தடம் ஒழுங்கில்லாமல் உதிரியாகத் தெரியும். செதுக்குத் தகட்டில் அடித்த படமென்றால் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய வரப்பு விரலுக்குத் தட்டுப்படும். இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாதவர்கள்தான் நமக்கு வரலாறு சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னது படத்தில் இருப்பதைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு, படத்தில் இல்லாததைப் பற்றியது. துறைமுகம் கரையில் தொடங்குவதில்லை, உள்நாட்டில் தொடங்குகிறது. ஐப்பசியில் கரிசலில் விதைத்து, பங்குனி வெயிலில் பெண்கள் மடிகட்டி எடுத்த பருத்தி, பொதியாகி, மாட்டுவண்டியில் புழுதி பறக்கத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. அங்கே ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. தோணிகள் பொதிகளைக் கொண்டுபோய் ஏற்றின. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தன, விலை எகிறியது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததற்கும் கோவில்பட்டியில் 1901இல் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை வந்ததற்கும் பின்னால் இருப்பது இந்தப் பாதைதான். ஒரு துறைமுகத்தின் வயிறு அதன் பின்னால் இருக்கிற காடு. பயணப் படங்களில் அந்தக் காட்டுக்கு இடமே கிடையாது. கப்பல் தளத்திலிருந்து பார்க்கிறவருக்கு உலகம் கரையோடு முடிந்துவிடுகிறது.

கரையில் இறங்கி உள்ளே வந்த ஓவியர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? ஆங்கிலேயரான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் தென்கோடி வரை வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர்கள் அச்சுக்குக் கொண்டுபோன புகழ்பெற்ற காட்சிகள் குற்றால அருவியும் பாபநாச அருவியும். தண்ணீர் விழுகிற இடம் படமாகும். தண்ணீருக்கு ஏங்குகிற இடம் ஆகாது. அழகுக்கு இலக்கணம் வகுத்து வைத்துக்கொண்டு நாட்டைப் பார்க்கிறவர் கண்ணுக்குக் கருத்த வெட்டவெளி வெறும் கடந்துபோகிற தூரம். எங்கள் காட்டை எங்களுக்குக் காட்டக் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் போன்றவர்கள் எழுத்தில் வந்தாக வேண்டியிருந்தது.

புதுச்சேரிக்கே வருவோம். அந்தக் காலத்தில் அந்தக் கரையிலிருந்து போன முக்கியச் சரக்குகளில் ஒன்று நீலச்சாயம் தோய்த்த துணி. செனகலில் பிசின் வியாபாரத்துக்கு அந்தத் துணியே நாணயமாகப் புழங்கியது. லா ஃபாவொரித் இந்தக் கரைக்கு வருவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே ஏனாமிலிருந்து கூலியாட்களை ரீயூனியனுக்குக் கப்பலேற்றத் தொடங்கிவிட்டார்கள். 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளே ஆகிவிட்டன. 1853இல் ‘ஓரேலி’ என்ற கப்பல் முதல் தமிழர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. சாயத்தொட்டியில் நின்றவர் கை, ஒப்பந்தத்தில் வைத்த கைநாட்டு, கடன், பஞ்சம் ஆகியவைதான் அந்தத் துறைமுகத்தின் உள்விவகாரம். படத்தில் தென்னை அசைகிறது, பாய் விரிகிறது, நாலு பேர் சும்மா நிற்கிறார்கள். அந்த ‘சும்மா நிற்பது’ இருக்கிறதே, அதுதான் இந்தப் படங்களின் ஆகப் பெரிய பொய்.

அப்படியானால் இதெல்லாம் காலனியப் புளுகு, தூக்கி எறி என்று இன்னொரு கூட்டம் வருகிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எட்மோன் பாரி என்ற இளம் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். லா ஃபாவொரித் கப்பலில் வந்தவர். அவருடைய கவனம் ஊரைவிடப் படகுகளின் மேல் இருந்தது. ஐரோப்பியர் அல்லாத மக்களின் படகுக் கட்டுமானம் பற்றி 1841-43இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பில் நம் கரையின் கட்டுமரமும் மசூலா என்ற தைத்த படகும் தோணியும் இருக்கின்றன. மசூலாவை எப்படி வரைந்தார் என்று பாருங்கள். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒன்று, குறுக்கே வெட்டியது போல் ஒன்று, கூடவே அளவுகோல். ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பது தெரிகிறது. புதுச்சேரியிலும் சென்னையிலும் அப்போது கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் வெளியே நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது இந்தப் படகுதான். தைத்த பலகை அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அடியில் பிளந்துவிடும். தன் கப்பலிலிருந்து உயிரோடு கரை சேர அந்தப் படகோட்டிகளை நம்பியாக வேண்டியிருந்த மனிதர் அதை அக்கறையாகப் பார்த்தார். பாரியின் படமும் பாரிஸில் அச்சானதுதான். ஆனால் அதில் அளவு இருக்கிறது. அளவை எடுத்துப் படகுத் தச்சரிடம் காட்டிச் சரிபார்க்க முடியும். துலாக்கோலில் வைக்கக்கூடிய படம் அது.

ஆக, ‘இந்தப் படங்களை நம்பலாமா, கூடாதா’ என்று மொத்தமாகக் கேட்பது அர்த்தமற்றது. எந்தக் கோடு எந்தக் கையினுடையது, அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம், யார் காசில் யாருக்காக அச்சானது என்று ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். விசாரணைக்குத் துணையும் இருக்கிறது. புதுச்சேரித் துறைக்குத் தமிழில் ஒரு சாட்சி உண்டு: 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. வந்த கப்பல், அதற்குப் போட்ட பீரங்கி, இறங்கிய சரக்கு, ஏறிய துணி, சிக்கிய பணம், நடந்த சூது எல்லாம் அதில் வருகின்றன. அவரும் பட்சபாதம் இல்லாதவர் இல்லை. மொழிபெயர்த்துத் தரகு செய்யும் துபாஷியாக இருந்து லாபம் பார்த்தவர். ஆனால் துறைமுகம் என்பது ஒரு வேலை, ஒரு வியாபாரம், ஒரு சண்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலைமுறைகள் கழித்து வந்த படங்களில் அந்தச் சத்தம் முழுக்க அடங்கிப்போயிருக்கிறது. சுவரில் படத்தை மாட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நாட்குறிப்பைப் புரட்டியிருப்பார்கள்?

அதனால் என் கோரிக்கை சாதாரணமானது. பாடநூலிலோ அருங்காட்சியகத்திலோ பத்திரிகையிலோ இந்தப் படங்களைப் போடுகிறவர்கள் கீழே நாலு வரி எழுத வேண்டும். வந்து வரைந்தவர் யார், பாரிஸில் செதுக்கியவர் யார். பார்த்த ஆண்டு எது, அச்சான ஆண்டு எது. எந்தப் பயணம், யார் செலவு. வண்ணம் எப்போது ஏறியது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம், அதுவும் ஒரு தகவல்தான். அதே மரியாதையைச் சிவகாசியின் லித்தோ கல்லுக்கும் கோவில்பட்டியின் தீப்பெட்டி லேபிளுக்கும் தூத்துக்குடிப் பருத்திக் கிட்டங்கிகளின் பழைய பேரேடுகளுக்கும் கொடுக்க வேண்டும். பழைய கடைகளை இடிக்கும்போது அவை குப்பைக்குப் போகின்றன. பாரிஸ் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் கிடைக்கிறது. நம் துறைமுகத்தின் கதையில் உள்நாட்டுப் பாதி அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. அதைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் வைக்காமல், நாலு வரி விளக்கமும் எழுதாமல், படத்தை மட்டும் காட்டி ‘இதுதான் அன்றைய துறைமுகம்’ என்று சொல்பவர் வரலாறு சொல்லவில்லை. பழைய விளம்பரத்தைப் புதிதாக ஒட்டுகிறார்.